காய்ச்சல் இல்லாத ஊர்

அப்போது மலேரியா டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். கொல்லிமலை அடிவாரத்து ஊரொன்றில், பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகளின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ஒரு பிள்ளையிடமும் கிருமி இல்லை. ஊரில் காய்ச்சலே இல்லையென்று டாக்டர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அந்த ஊருக்கு வரவேண்டிய, மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை வேறு ஊருக்குப் போயிற்று.

மழைக்காலம் முடிந்து அவ்வழியே போனேன். ஊருக்கு வெளியே இடுகாட்டில் சின்னச் சின்னதாகப் புது மண்மேடுகள். பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு ரத்தம் எடுத்தப்ப எந்தப் புள்ளைக்கும் காச்சல் இல்லையே?"

"காச்சல்ல கெடக்கற புள்ளைகிட்ட ரத்தம் எடுத்தா தாங்குமாங்க? அதுகள ஊட்டுல படுக்க வெச்சுட்டு, நல்லா இருக்கறதுகளத்தானுங்க அனுப்புனோம்."

சொல்லிவிட்டு அவள் ஒரு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொயினா பற்றி அவளிடம் நான் வாய் திறக்கவில்லை.