சத்தம் வராத படிப்பு

சிங்காநல்லூருக்கு வாழவந்த முதல் வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில் மாடிவீட்டில் ஒரு பெண் யாரையோ திட்டித் தீர்ப்பது கேட்டது. பயந்துபோய்க் கணவரை எழுப்பினேன். "சண்டையில்ல அம்மணி, தாரணி படிக்கறா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். உற்றுக் கேட்டேன். சிறுகுடல், பெருங்குடல்!

மலேசியாவில், ஈப்போவில் எங்கள் பள்ளி நூலகச் சுவரில் 'சென்யாப்' என்று எழுதியிருக்கும். மலாய் மொழியில் அமைதி. பக்கம் புரட்டினாலே முறைப்பார்கள். இங்கே, ஈப்போத் தோழிகளே, வாய்விட்டுப் படித்தால்தான் படிப்பு. அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்குக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நின்றால், "சத்தத்தையே காணோம்?" என்று அதட்டல் வரும்.

இப்போது பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தாரணியும் என் வகுப்புதான். அவள் பக்கத்தில் கயல். உதடே அசையாது, எல்லாவற்றையும் படமாகப் போட்டுப் படிப்பாள். ஒருநாள் கயலின் அம்மா வந்து நின்றார்.

"ஏனுங்க மிஸ், ஊட்டுல இவ சத்தமே வாரதில்லீங்க. படிக்காதவளுக்கு என்னங்க கோ-கோ? டீமுல இருந்து நிறுத்திப்போடுங்க."

"மனசுக்குள்ள படிக்கிறாள்லா" என்றேன், என் ஈப்போ 'லா'வோடு.

"மார்க்கும் மனசுக்குள்ளயே வந்துருமுங்களா?"

கயல் தரையையே பார்த்தாள். போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் தவணை வாங்கினேன்.

மறுநாள் வகுப்பில் இதயம் பாடம். பக்கத்தில் இருப்பவர் எப்படிப் படிப்பாரோ அப்படியே படியுங்கள் என்றேன். தாரணிக்கு மௌனமும் பென்சிலும், கயலுக்குக் கத்தல். கொஞ்ச நேரத்திலேயே தாரணி எழுந்துவிட்டாள்: "மிஸ், காதடைச்சாப்புல இருக்குதுங்க!" கயல், "என் சத்தத்துல எனக்கே ஒண்ணும் ஏறலீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நடந்தால்தான் மனதில் நிற்கும் என்றான் ஒருவன், பாட்டாக்கினால்தான் என்றாள் இன்னொருத்தி. மணியடித்ததுகூடக் காதில் விழவில்லை. தாரணி மட்டும் கயலின் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இவ சும்மா உக்காந்திருக்கறான்னே நெனச்சேனுங்க" என்றாள்.

அன்று மாலையே அவள் அந்தப் படத்தோடு கயல் வீட்டுக்குப் போய்விட்டாளாம். "அத்தை, நீங்களே கேள்வி கேளுங்க." ரத்தம் எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று கயல் விரலை ஓட்டிச் சொல்லச் சொல்ல, அம்மா தோசையைக் கருக விட்டுவிட்டார். "வெளையாடட்டுமுங்க" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "ஆனா படிச்சு முடிச்சதும் அடுப்படிக்கு வந்து எனக்குச் சொல்லிப்போடோணும். எங்காதுலயும் ஏதாச்சும் உழோணுமல்லங்க!"

போட்டி உடுமலைப்பேட்டையில். பெண்கள் ஒரே வரிசையில், ஒருத்தி கிழக்கே பார்த்து, அடுத்தவள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கயலின் அம்மா தொண்டை கட்டக் கத்தினார். முதுகில் 'கோ' விழுந்ததும் கயல் தான் பார்த்திருந்த பக்கமே பாய்ந்தாள். அந்த வரிசையில் எனக்கு ஓரிடம் கொடுத்தால், ஈப்போ இருக்கும் கிழக்கைப் பார்த்துத்தான் உட்காருவேன். அணி என்னவோ இதுதான்.