அங்கம்மா எடுத்த துரும்பு

மனைவியைக் கேட்காமல் அவள் பெயரைக் கொடுக்கக் கணவனுக்கு உரிமை உண்டா? 1931-ல் மலாயாவில் கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அங்கம்மாவின் வழக்கு நடந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. பதில் தெரியவில்லை.

அங்கம்மா பால் வெட்டுகிறவள். ஒருநாள் காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டு முடித்த, கணக்கெழுதும் கிராணி, "மாசக் கடைசியோட ஒம்பேரையும் காளியப்பன் பேரையும் வெட்டணுமாமே. சிம்பாங் ரெங்கம் போறீங்களா?" என்றார். அவளுக்கு அப்போதுதான் தெரியும். வேலையை விட்டுப் போவதாகப் புருஷன் காளியப்பன் இருவருக்கும் சேர்த்து நோட்டீஸ் கொடுத்திருந்தான். மகள் புஷ்பவள்ளி அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். அவன் போகும் தோட்டமோ இன்னும் காடு, பள்ளிக்கூடம் கிடையாது.

"நான் வரல" என்றாள், லயத்து வீட்டுக்கு வந்ததும்.

"ஒன்ன யாரு கேட்டா? பொட்டச்சியக் கேட்டுட்டா ஆம்பள அடி எடுத்து வைப்பான்? துரும்பக் கிள்ளிப் போட்டுருவேன், பாத்துக்க."

எல்லாச் சண்டையிலும் அவன் சொல்வது இதுதான். சபை முன்னால் கணவன் துரும்பைக் கிள்ளிப் போட, மனைவி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டால் கலியாணம் முறிந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தில் எடுத்தவள் ஒருத்தியும் இல்லை. அழுவார்கள், புருஷன் துரும்பை மிதித்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போவான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் சபை கூடியது.

"புருஷன் போற எடத்துக்குப் போறதுதானே தாயி மொறை?" என்றார் கங்காணி சின்னத்தம்பி.

"என்னயக் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன் கங்காணியாரே. கேக்காமயே எம்பேரக் குடுத்துட்டாரு."

"மகாராணிகிட்ட உத்தரவு வாங்கணுமாம்" என்றான் காளியப்பன். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. தரையில் கிடந்த துரும்பொன்றை இரண்டாகக் கிள்ளி அவள் காலடியில் போட்டான். "எடு பாக்கலாம்."

எல்லாரும் அவள் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். எடுத்தால் ஊர் வாயில் விழவேண்டும். எடுக்காவிட்டால் மகளோடு காட்டுக்கு. அதன் பிறகு எதையும் யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. குனிந்தாள். இரண்டு துண்டையும் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள்.

"அண்ணே, சும்மா மெரட்டத்தான் போட்டேன்" என்றான் காளியப்பன் கங்காணியிடம்.

"சபையில போட்டத நான் எப்பிடிப்பா திருப்பிக் குடுக்கறது?"

"அப்ப புள்ள எங்கூட வரும்."

சின்னத்தம்பி தலையசைத்து மறுத்தார். "பொட்டப்புள்ள தாயோட. அதுவும் மொறைதான்."

மாதக் கடைசியில் கிராணி காளியப்பன் பெயரை மட்டும் வெட்டினார்; அவன் தனியாக லாரி ஏறினான். தண்ணீர்க் குழாயடியில் பெண்களே ஓராண்டு அங்கம்மாவோடு பேசவில்லை. அவள் பெரட்டுக்கு ஒருநாளும் தவறவில்லை.

இதை வாசிக்கிறவர்கள், வாசிக்கத் தெரியாத பெண்களுக்கும் அவர்கள் புருஷன்மாருக்கும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் அடுத்த தோட்டத்துக்குச் சொல்லட்டும்.