அவர் பாடிய பாதி

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஒரு சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்.

போன தை மாதம், சம்பா அறுவடை நேரம். என் வீட்டுக்காரர் வரப்பிலேயே சுருண்டு விழுந்தார். பக்கவாதம். நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கண் திறந்தார், ஆனால் யாரையும் தெரியவில்லை. பேச்சில்லை. ஓயாத முனகல்தான். வலி என்று நினைத்து நர்ஸ் ஊசி போட்டார்.

"நினைவு திரும்புறது கஷ்டம்மா. வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறதுன்னா யோசிச்சுக்குங்க" என்றார் டாக்டர். கொழுந்தனார் வண்டி பேசப் போய்விட்டார்.

எனக்கு ஆண்டவர் மேல் கோபம். வராந்தாவில் உட்கார்ந்து சண்டையே போட்டேன். ஞாயிறு தவறாமல் உமக்குப் பாடின வாய்தானே, என்னைத் தெரிகிறது என்று ஒரே ஒரு தடவை காட்டக்கூடாதா என்று அழுதேன்.

எங்கள் சபைப் பாடகர் குழுவில் அவர் பேஸ், ஆண்களின் அடிக்குரல்; நான் சோப்ரானோ, மேல் ராகம் பாடும் பெண் குரல். அவருக்கு உயிரான ராகம் ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டில் ஊர் ஊராகப் போய், ஏர் பிடிக்கிறவர்களுக்கும் நாலு குரலில் பாடச் சொல்லிக்கொடுத்த ஒரு குருவானவர் அமைத்தது. "நம்மள மாதிரி வயக்காட்டு ஆளுங்களுக்குன்னே போட்டிருக்காரு" என்பார். வீட்டில் அந்தப் பேஸை மட்டும் தனியாக உறுமுவார். இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று கேலி செய்வேன்.

ஜெபித்துவிட்டு உள்ளே போனேன். அதே முனகல். காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஏறுகிறது, இறங்குகிறது, ஓரிடத்தில் நீண்டு நிற்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் அவர் உறுமுகிற அதே பேஸ்.

என் குரலில் மேல் ராகத்தை மெல்ல எடுத்தேன். பொருந்தியது. நம்ப முடியாமல் நடுவில் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். நான் மறுபடி தொடங்கும்வரை காத்திருந்தார்.

டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பாடிக் காட்டினோம். அவர் குனிந்து கேட்டார். வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

இன்று கம்பு ஊன்றி நடக்கிறார். என் பெயரைச் சொல்ல இன்னும் வரவில்லை. ஆனால் ஞாயிறன்று பேஸ் வரிசையில் நிற்கிறார். ஸ்தோத்திரம். நான் இப்போது கேலி செய்வதில்லை.

பதிலே வரவில்லை என்று சோர்ந்திருக்கிறவர்களே, நம்பிக்கையோடு இன்னும் கொஞ்சம் கிட்டே போய்க் கேளுங்கள். நான் வராந்தாவில் ஜெபிக்க உட்காரும் முன்பே, பதில் அந்தக் கட்டிலில் பாடிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அதற்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.