அண்ணாச்சி கழுத்தில் என் சங்கிலி

இசக்கிமுத்து அண்ணாச்சியை நம் பள்ளிதான் கொன்றது. சாவுச் செய்தி தலைமையாசிரியர் அறைத் தொலைபேசிக்கு வந்தபோது, நான் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் உமிழ்நீர்ச் சுரப்பிகளை வரைந்துகொண்டிருந்தேன். காதடிச் சுரப்பி பாதியில் நின்றது.

பதினெட்டு ஆண்டுகள் நம் ஆய்வக உதவியாளராக இருந்தவர் அவர். அமில பாட்டிலை யார் எடுத்தாலும், "பைய சார், பைய. தோலு ஒண்ணுதான் இருக்கு" என்பார்.

போன ஐப்பசியில் அவரது வலது காதடி வீங்கியது. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. "புளியங்கொட்டை கணக்கா உருளுது சார். பெரியாஸ்பத்திரிக்குப் போணும், ஒருநாள் லீவு வேணும்" என்று ஆய்வகப் பொறுப்பில் இருந்த என்னிடம் கேட்டார். அந்த வாரம் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. ஆய்வகத்தை யார் துடைப்பது?

"பொன்னுக்கு வீங்கிதான் அண்ணாச்சி. பொன்னு போட்டா வடிஞ்சிரும்" என்று என் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டேன். ஆசிரியர் அறையே சிரித்தது.

"மாப்பிள்ளையாக்கிட்டியளே சார்! இந்தக் கோலத்துல பஸ்ஸ விட்டு இறங்குனா எங்க சீவலப்பேரியே கல்யாணச் சாப்பாடு கேக்குமே" என்று அவரும் சிரித்தார். சங்கிலியைக் கழற்றாமலே ஊருக்குப் பஸ் ஏறினார்.

பொன்னுக்கு வீங்கி வலிக்கும், பத்து நாளில் வடியும். இதைப் பாடமாக நடத்துகிறவன் நான். வீக்கம் வடியவில்லை. பொங்கல் கழிந்து மறுபடி கேட்டார். "செய்முறைத் தேர்வு முடியட்டும்" என்றேன். தலைமையாசிரியர் காதடியில் அது வந்திருந்தால் அன்றைக்கே கார் பிடித்திருப்போம்.

தேர்வு முடிந்த மறுநாள் நானே கூட்டிப்போனேன். அதற்குள் குடிக்கும் தண்ணீர் கடைவாயில் ஒழுகத் தொடங்கியிருந்தது. டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுக் கண்களை மூடச் சொன்னார். வலது கண் மூடவில்லை. ஊசியால் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்று.

"முன்னாலேயே வந்திருந்தா சுரப்பியோட எடுத்திருக்கலாம். இப்ப முகத்து நரம்பையும் பிடிச்சிட்டு. வலிக்காத கட்டிய யாருய்யா இத்தன நாள் வச்சிருக்கச் சொன்னது?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "வேல கெடந்துச்சு சார்" என்றார்.

அறுத்தார்கள். கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது.

துட்டி கேட்க அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சங்கிலியை என் கையில் வைத்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இன்னும் கழுத்தில் போடவில்லை.

"அது பொன்னுக்கு வீங்கி இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் செருப்பைத் தேடினேன்.

"சொல்லிட்டுப் போங்க சார்."