பர்மாக் காடா, மலேயாக் காடா?

போன வாரம் ஒரு கல்யாணப் பேச்சு காட்டுத் தீயில் கருகப் பார்த்தது. தீ எரிந்தது பர்மாவிலும் மலேயாவிலும். அதுவும் எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால்!

நடந்தது நேமத்தான்பட்டியில், என் அக்கா வீட்டில். அக்கா மகள் வள்ளியைப் பெண் பார்க்கக் காரைக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். பையன் ஆராய்ச்சிக்கூடத்தில் கெமிஸ்ட். தங்கமான குணம். இதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் என் அத்தானின் வாயால்தான் கை நழுவிப் போயின. அதனால் அக்கா காலையிலேயே அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "வந்தவுக என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுங்க."

ஆட்டினார்... பலகாரத் தட்டில் கந்தரப்பம் வரும்வரை.

பையனின் அப்பா பர்மாவில் தொழில் பார்த்துத் திரும்பியவர். தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க பர்மாக் காட்டு மரம்ல! மலேயாவுல இப்படி ஒண்ணு கெடைக்குமா?" என்றார்.

அத்தான் மலேயாவில் ரப்பர் தோட்டம் பார்த்தவர். விடுவாரா?

"நாங்க தோட்டம் போடக் காட்டை வெட்டித் தீ வச்சா, வாரக்கணக்குல சூரியனே தெரியாது!"

"அதெல்லாம் ஒரு காடா? பர்மாவுல நெல்லுக்காக அழிச்ச காடு இருக்கே... நாள் பூராப் படகுல போனாலும் ரெண்டு கரையிலயும் புகைதான்!"

குரல் ஏறியது. உள் வாசலிலிருந்து அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். சமாளிப்பதாக நினைத்து நான், "தம்பி, நீங்க சயன்ஸ் படிச்சவுக... நீங்களே சொல்லுங்களேன்" என்று பையனை மாட்டிவிட்டேன்.

பாவம், அப்பாவை விட்டுக்கொடுப்பதா, வரப்போகும் மாமனாரை விட்டுக்கொடுப்பதா? தொண்டையைச் செருமினான். "எரிச்ச காடெல்லாம் கார்பன் டை ஆக்ஸைடாக் காத்துல கலந்துரும். அது கூடிக்கிட்டே போனா பூமியே சூடாகும்னு சில விஞ்ஞானிக பயப்படுறாக. அதனால யாரு நெறைய எரிச்சாகளோ, அவுக மேலதான் தப்பு."

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை.

"நாங்க எரிச்சது வெறும் புதருதான்" என்றார் அத்தான்.

"பர்மாவுல மழை ஜாஸ்தி. பாதி எரியவே இல்லை" என்றார் பையனின் அப்பா. "நீங்கதான் சூரியனே தெரியலைன்னு சொன்னீக!"

"நீங்க மட்டும் என்ன? ரெண்டு கரையிலயும் கொளுத்துனீகளே!"

பெருமை என்றால் என்னுடையது பெரிது. பழி என்றால் உன்னுடையது பெரிது! நாளைக்குத் தேசங்களும் இப்படித்தான் பேசப் போகின்றன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சிரிக்க நேரமில்லை. பையனின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "வாப்பா, போவோம்."

அக்காவின் முகம் வெளுத்தது. நானும் பதறி எழுந்தேன். பையனை மாட்டிவிட்டவன் நான்தானே?

அப்போது வள்ளி வெளியே வந்தாள் – யாரும் கூப்பிடாமலே! நேரே பையனிடம் கேட்டாள். "காட்டை எரிச்சுட்டு ரப்பர் வச்சா மரமாவது நிக்கும். நெல்லுன்னா வருஷா வருஷம் அறுத்துருவாக. ரெண்டும் ஒரே கணக்கா?"

பையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இல்லைங்க! எரிச்சதைக் கூட்டி, வளர்ந்ததைக் கழிக்கணும்..."

"பாத்தீகளா, எங்க ரப்பர்!" என்று நிமிர்ந்தார் அத்தான்.

"சும்மா இருங்க அப்பச்சி. அம்புட்டுப் பெரிய காட்டுக்கு உங்க ரப்பர் ஈடாகுமா?" என்று தன் அப்பாவை அடக்கினாள் வள்ளி.

பையனின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீக அப்பச்சி. நெல்லுக் கணக்கு இன்னும் மோசம்" என்றான் பையன்.

அதற்கப்புறம் வள்ளியும் பையனும் எங்களை மறந்தே போனார்கள். ஏக்கர் என்றார்கள், வேர் என்றார்கள், கரி என்றார்கள். எழுந்து நின்றவர் மெதுவாக அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"செட்டியாரே, ரெண்டும் சேந்து நம்மளைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்திப்புட்டாகளே!"

"ஏத்தட்டும். ஒரே கூண்டுதானே... காப்பி சாப்பிடுங்க" என்றார் அத்தான். உள்ளே அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

ஆவணியில் கல்யாணம். ஊருக்கே விருந்து, அத்தனையும் விறகு அடுப்பில். எத்தனை வண்டி விறகு இறக்குவது என்று மணமக்களிடம் கேட்கத்தான் இரண்டு சம்பந்திகளுக்கும் இன்னும் தைரியம் வரவில்லை!