என் அம்மா வாய் திறந்த வைகாசிப் பௌர்ணமி

விகாரைக்கு வருகிற சகோதரிகளே, இதை அழாமல் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

1969ஆம் வருஷம் மாசி மாதம் என் தங்கை அமுதா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒன்பது வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, அவள் பிழைக்க வேண்டும் என்று பகவான் புத்தரை வேண்டினேன். அந்த வேண்டுதல் நிறைவேறவில்லை. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு மனசில்லை.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றிலிருந்து அம்மா பேசவில்லை.

எங்கள் வீட்டில் கரையைத் தனியாகக் கோக்கும் கோர்வைச் சேலை நெய்கிறோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா நடுவில் உட்கார்ந்து நெய்வார். கரைக்கு இழை ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ள, பக்கத்தில் இன்னொரு ஆள். அந்த இடம் அமுதாவுடையது. சரணங்களை அவள் மனப்பாடம் செய்ததே அங்கேதான். "புத்தம் சரணம்" என்று சொல்லி நாடாவைத் தள்ளுவாள். அப்பா இழையை இறுக்கப் பலகையை அடிக்கும் வரை நிறுத்துவாள். அடி விழுந்ததும் "கச்சாமி" என்பாள். விகாரையில் முன்னால் நின்று சொல்லும்போதும் அந்த நிறுத்தம் வந்துவிடும்.

"ஏண்டி, நடுவுல தறியா ஓட்டுற?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"ஆமா, உங்களுக்குந்தான் ஒரு பட்டு நெய்ஞ்சிக்கினு இருக்கறேன். வாய மூடிக்கினு நில்லுங்க" என்பாள்.

இப்போது அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். நாடா போகும், வரும். வாயில் சத்தமே இல்லை. கஞ்சி ஊட்டினால் இரண்டு வாய் விழுங்குவாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கை வளையல் முழங்கை வரை ஏறியது. இவளும் போய்விடுவாள் என்று பயந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார்: "ஆடிக்குக் கூழு ஊத்தறத வுட்டுட்டு மொட்டைச் சாமியார் பின்னால போனீங்களே, ஆத்தா சும்மா வுடுவாளா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான். விகாரையில் ஞாயிறு வகுப்பு நடத்துகிறவள். அந்தப் பெருமை எனக்கு இப்போதும் உண்டு. ஆனால் அன்று கதவைச் சாத்திவிட்டு விகாரைக்கு ஓடினேன்.

பிக்கு ஐயாவிடம் போய் அழுதேன். "அம்மா ஒரு வார்த்த பேசினா போதும் ஐயா. வேற எதுவும் கேக்கமாட்டேன்."

"கேட்டா எடுத்துக் குடுக்கறவரு இல்லம்மா புத்தர்" என்றார். பிறகு, "வகுப்புக்குக் கூட்டிக்கினு வா. சும்மா உக்காரட்டும்" என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பின்வரிசைப் பாயில் உட்காருவாள். பௌர்ணமிக்காகப் பெண்கள் காகித விளக்குக் கூண்டு ஒட்டுவார்கள். அம்மா மடியிலும் காகிதத்தை வைப்பார்கள். அது அப்படியே இருக்கும். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. நான் மட்டும் தினமும் விளக்கேற்றி அந்த ஒரே வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசிப் பௌர்ணமி வந்தது. அமுதாவின் இடத்தில் நின்று சொல்ல எந்தப் பிள்ளையும் சம்மதிக்காததால் நானே முன்னால் நின்றேன். சுற்றிலும் விளக்குக் கூண்டுகள். "புத்தம் சரணம்" என்றேன். என்னையறியாமல் அமுதாவின் நிறுத்தத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

ஒரு பலகை அடி விழும் நேரம்தான் போயிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"கச்சாமி."

அம்மா.

பிள்ளைகள் அவள் பின்னாலேயே சொன்னார்கள். அடுத்த சரணத்தையும் அவளே ஆரம்பித்தாள். அதே இடத்தில் நிறுத்தினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வாசல்பக்கம் நின்ற அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து நான் அருகில் போனதும் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பசிக்குதுமா" என்றாள்.

நான் கேட்டது ஒரு வார்த்தை. பகவானுக்கு என் நன்றி.

அமுதா திரும்பி வரவில்லை. மாசி மாதம் எங்களுக்கு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா சாப்பிடுகிறாள், அப்பாவோடு சண்டை போடுகிறாள். ஞாயிறுகளில் இப்போது சரணம் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். புதிதாக வரும் பிள்ளைகளும் அந்த நிறுத்தத்தோடே சொல்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

உங்களில் யாருக்காவது வாய் திறக்க முடியாத துக்கம் இருந்தால், வேண்டத் தெரியவில்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பின்வரிசையில் பாய் விரித்திருக்கிறோம். சும்மா வந்து உட்காருங்கள். உங்களால் முடிகிற வரைக்கும் நாங்கள் சொல்கிறோம்.