சாய்ந்து ஒட்டிய கோப்பை

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் உடையாமல் மிஞ்சியது ஒரு டீ செட்தான். வெள்ளைப் பீங்கான், விளிம்பில் நீலக் கோடு. ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து என் கணவர் அந்தக் கோப்பையில்தான் டீ குடிப்பார். நடுக்குவாதம் வந்த பிறகு கோப்பை சாசரின் மேல் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. டீ பாதி சாசரில், மீதி சட்டையில். ஒருநாள் அவரே, "இது வேணாம்மா, மூடி போட்ட மக்குல குடு" என்றார். செட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

அங்கேயும் அது இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "இத்தனூண்டு கப்புல ஒரு முழுங்குகூடக் கொள்ளாதே அக்கா" என்று சிரித்துவிட்டாள். கனடாவில் இருக்கும் மகள்தான், பழைய கோப்பையில் பறவைக்குத் தீனித்தட்டு செய்யும் வீடியோ ஒன்றை அனுப்பினாள். "அப்பாவுக்கும் பொழுது போகும்மா." வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கவே களைப்பாக இருந்தது. காலையில் அவரை எழுப்பி உட்காரவைப்பதற்குள் என் இடுப்பு விட்டுப்போகும். மாத்திரை, குளியல், சட்டைப் பொத்தான், நடைப்பயிற்சி. அதற்கு நடுவில் குருவிக்கு வேறு நான் பண்ண வேண்டுமா?

ஆனால் மகள் ஒவ்வொரு தடவை பேசும்போதும் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாமல்தான் பிரேசர் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் பீங்கான் ஒட்டும் பசை வாங்கினேன். இரண்டு டியூப், இரண்டையும் சமமாகப் பிதுக்கிக் கலக்க வேண்டும். "கப்பு ஒட்டவாம்மா? புதுசே வாங்கிடலாமே" என்றார் கடைக்காரர். குருவிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வராந்தாவில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நாற்காலியில். கோப்பையைச் சாசரின் மேல் படுக்கவைத்து, கைப்பிடி மேலே பார்க்கும்படி ஒட்ட வேண்டும். கைப்பிடியில் சங்கிலி கோத்து மரத்தில் தொங்கவிடலாம். பசை இறுகும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கோப்பையை அழுத்திப் பிடித்த சமயம் பார்த்து வாசலில் பெல் அடித்தது. கூரியர்க்காரர். பெல்லை விடாமல் அடித்தார்.

"நான் புடிச்சுக்கறேன், நீ போ" என்றார் அவர், நாற்காலியிலிருந்து.

அவர் கையைப் பார்த்தேன். மடியில் கிடந்த விரல்கள் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. "வேணாங்க, நழுவிடும்."

"போம்மா. நழுவினா நழுவட்டும்."

செய்தித்தாளோடு தூக்கி அவர் மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையையும் கோப்பையின் மேல் அழுத்திவைத்துவிட்டு ஓடினேன். கூரியர்க்காரர் கேட்ட வீடு பக்கத்துத் தெருவில் இருந்தது. வழி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோப்பையை அழுத்திக்கொண்டிருந்தார். கை ஆடவே இல்லை. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது நடுக்கம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். நான் கண்ணால் பார்த்தது அன்றுதான். கோப்பை கொஞ்சம் நகர்ந்து கோணலாக ஒட்டியிருந்தது. "சாஞ்சிடுச்சா?" என்று கேட்டார். "லேசா" என்றேன். பிரித்தெடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

பின்பக்கச் சப்போட்டா மரத்தில் அதைத் தொங்கவிட்டுக் கம்பும் தினையும் போட்டோம். முதலில் எறும்பு வந்தது. பிறகு மழை வந்து சாசரில் தண்ணீர் நின்று தானியம் முளைவிட்டது. அதைச் சுரண்டிக் கழுவிப் புதிதாகப் போட்டால் புறா வந்தது. அது போய்ச் சொன்னதுபோல் மற்றவையும் கூட்டமாக வந்தன. கோணல் கோப்பை அவற்றின் எடைக்குக் கவிழ்ந்து தரையெல்லாம் தானியம். மாடியில் குடியிருக்கும் கன்னடப் பெண் படியிறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, காயப்போட்ட துணியெல்லாம் கலீஜ் ஆகுது. பாரிவாளா, அதான் புறா, ஜாஸ்தி ஆயிடுச்சு. ஸ்வல்ப நோடி, கொஞ்சம் பாருங்க."

அவள் சொன்னது நியாயம்தான். அன்றைக்கே அவிழ்த்து எடுத்துவிட்டேன். ஒரு வேலை குறைந்தது என்றுகூட நினைத்தேன். அடுத்த நாள் சாப்பிடும்போது அவர், "புறாவுக்குப் பழம் புடிக்காது" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு விளங்கியது. மரத்தில் கட்டினால்தானே மாடிக்குத் தொந்தரவு என்று வராந்தாக் கம்பியில், கூரைக்கு உள்ளேயே கட்டினேன். கறுத்துப்போன வாழைப்பழத்தைப் பிசைந்து சாசரில் வைத்தேன். சில நாள் எதுவும் வரவில்லை. பழத்தில் ஈ மொய்த்தது. நான் தினமும் கழுவினேன்.

அப்புறம் ஒரு காலையில் சமையலறையில் இருந்தபோது வராந்தாவில் கைத்தடி தரையில் விழும் சத்தம் கேட்டது. அவர் குரல் இப்போதெல்லாம் பக்கத்து அறைக்குக்கூட எட்டாது. விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். அடுப்பை அணைக்காமல் ஓடினேன். கதவு நிலையில் முழங்கால் இடித்தது. அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணால் மேலே காட்டினார். தலையில் கூரான கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டுமாக ஒரு குருவி, சாசர் விளிம்பில்.

"இதுக்கா கட்டையப் போட்டீங்க? என் உயிரே போச்சு!"

குருவி பறந்துவிட்டது. அவர் முகம் சுருங்கிப்போனது. "கூப்ட்டேன். உனக்குக் கேக்கல" என்றார்.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் நிற்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குருவி திரும்பி வந்தது. இந்த முறை இணையோடு. ஒன்று கோப்பைக்குள் தலையை விட்டுக் கொத்த, மற்றது கம்பியில் காவல் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன். பட்டப்பகலில், அடுப்பில் பாதி வெந்த பருப்போடு. கண் விழித்தபோது வெயில் காலுக்கு வந்திருந்தது. அவர் என்னை எழுப்பவில்லை.

இப்போது பழம் பிசைவது அவர் வேலை. பாதி சட்டையில் ஆகிறது. அதையும் நான்தான் துவைக்கிறேன். மகள் வீடியோ காலில் காட்டச் சொல்லும்போது ஒரு குருவியும் வருவதில்லை.

"நாளைக்கு பப்பாளி வச்சுப் பாக்கலாமா?" என்றார் நேற்று.

"பப்பாளி வாங்க யாரு போறது? வாழைப்பழந்தான் இருக்கு."

"சரி, அதுவே வை."